கேக்கா பிஸ்கட்டானு கேக்காதீங்க

லண்டன் வந்த புதுசுல எனக்குக் கிடைச்ச முதல் வேலை ஒரு மளிகை ஹோல்சேல் கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல. வேலைனா பெருசா ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கற சரக்கு லிஸ்ட்டைத் திறந்து ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போடணும். வாட் வரி இல்லாத சரக்குக்கு இசட், இருக்கற சரக்குக்கு எஸ். அரிசி இசட். பருப்பு இசட். கோலா எஸ். மிட்டாய் எஸ். ரெண்டு நாள்ல கை பழகிடுச்சு, மூணாவது நாள் மூளையைக் கழட்டி ஹேண்ட்பேக்குல வச்சுட்டு கையை மட்டும் வேலை பாக்க விட்டுட்டேன். அப்பதான் ஜாஃபா கேக்ஸ் வந்துச்சு.

கோடவுன்ல அது பிஸ்கட் ராக்குல இருக்கு. இந்தப் பக்கம் பிஸ்கட், அந்தப் பக்கம் பிஸ்கட். நீளமான அட்டை டப்பா, உள்ள வரிசையா வட்ட வட்டமா அடுக்கி வச்சிருக்கு, மேல சாக்லேட். சாக்லேட் பூசின பிஸ்கட்னா எஸ் போடணும்னு முந்தின நாள்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க, நானும் நல்ல பிள்ளையா எஸ் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.

பத்து நாள் கழிச்சு மேனேஜர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகள்ல இங்க வந்து செட்டில் ஆனவர், ஆபீஸ்ல இருக்கற தமிழ் ஆளுங்க எல்லாருக்கும் அவர் அண்ணாதான். கையில ஒரு இன்வாய்ஸ் வச்சிருக்கார். யாரோ கடைக்காரர் போன் பண்ணி அவர் காது கிழியக் கத்தியிருக்கார்.

"பிள்ளை, இதுக்கு ஏன் வாட் போட்டனீர்?"

"சாக்லேட் பிஸ்கட் தானே அண்ணா?"

"பிஸ்கட் எண்டு ஆர் சொன்னது? பேரிலயே கேக் எண்டு கிடக்கு."

"பாத்தா பிஸ்கட் மாதிரிதானே இருக்கு..."

"பாத்தா ஆயிரம் மாதிரித்தான் இருக்கும். கோட்டில தீர்ப்பு வந்து எத்தினை வருசம், உமக்குத் தெரியாதோ?"

எனக்கு எப்படித் தெரியும். ஒரு தின்பண்டம் கேக்கா பிஸ்கட்டானு கோர்ட்ல கேஸ் நடந்திருக்கும்னு யாராவது கனவு காண்பாங்களா. நான் முழிச்ச முழியைப் பாத்துட்டு அவரே ராக்குல இருந்து ஒரு டப்பா எடுத்துட்டு வந்தார், கெட்டிலை ஆன் பண்ணார், "வாரும், இருந்து கதைப்பம்"னார். "இது எங்கட ஊர்ச் சாமான் பிள்ளை, பேரில ஒரு 'ன' விழுந்து போச்சு, அவ்வளவுதான்." ஜாஃப்னால இருந்து ன போனா ஜாஃபாவாம். இந்த ஜோக்கை அதுக்கப்புறம் ஒரு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் அவர் மட்டும் புதுசா சிரிப்பார். (நிஜத்துல ஜாஃபாங்கறது மத்தியதரைக் கடல் ஓரமா இருக்கற பழைய துறைமுகம், அங்க இருந்து கப்பல்ல வந்த ஆரஞ்சுக்கு அந்தப் பேர், ஆரஞ்சுல இருந்து இதுக்கு.)

சாப்பிடாதவங்களுக்காக ஒரு வார்த்தை. மெக்விட்டீஸ் கம்பெனி 1927ல கொண்டு வந்தது. உள்ளங்கைல அடங்கற வட்டம், குறுக்கே அஞ்சரை சென்டிமீட்டர் இருக்கும். அடியில மெல்லிசா ஒரு ஸ்பாஞ்ச், அது மேல நடுவுல ஆரஞ்சு ஜெல்லி, ரெண்டையும் சேத்து மூடி டார்க் சாக்லேட். சாக்லேட் மேல்பக்கம் மட்டும்தான், கவுத்துப் போட்டா ஸ்பாஞ்சோட அடிப்பக்கம் அப்படியே வெளிய தெரியும், பொன்னிறமா, குட்டி குட்டித் துளையோட. இந்த அடிப்பக்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு. ஜாஃபா கேக்ஸ்ங்கற பேரை அவங்க டிரேட்மார்க்கா பதிவு பண்ணல, அதனால இங்க எல்லா சூப்பர்மார்க்கெட்டும் சொந்தமா ஒரு ஜாஃபா கேக் போட்டு விக்குது, நாக்குக்கு வித்தியாசம் தெரியும், பர்ஸுக்கு இன்னும் நல்லாவே தெரியும்.

சாப்பிடறதுல ஆளாளுக்கு ஒரு முறை இருக்கு. என் பொண்ணு சுத்தி இருக்கற ஜெல்லி இல்லாத விளிம்பை எலி மாதிரி கொறிச்சுட்டு வருவா, அப்புறம் முன்பல்லால சாக்லேட்டை ஓடு உரிக்கற மாதிரி உரிப்பா, அப்புறம் ஸ்பாஞ்சை நாக்கால நெம்பித் தள்ளிட்டு கடைசியா அந்த ஆரஞ்சு வட்டத்தை மட்டும் விரல்ல எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பா. கண்ணாடி மாதிரி மின்னும். அதுக்கப்புறம்தான் வாயில போடுவா. ஒரு ஜாஃபா கேக்குக்கு அஞ்சு நிமிஷம். எங்க ஆபீஸ் பேக்கிங் செக்ஷன்ல ஒரு வயசான இங்கிலீஷ் அம்மா இருந்தாங்க, அவங்க முழுசை எடுத்துக் காட்டி "ஃபுல் மூன்"னுவாங்க, பாதியைக் கடிச்சுட்டு "ஹாஃப் மூன்", மிச்சத்தையும் உள்ள தள்ளிட்டு "டோட்டல் எக்லிப்ஸ்". 1999ல வந்த டிவி விளம்பரம் அது, இந்த ஊர்ல ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். மூணு நிலாவும் சேத்து பத்து செகண்ட்.

சரி, வரிக் கதைக்கு வரேன். நான் எல்லாரையும் போல கேக்னா வரி இல்ல, பிஸ்கட்னா வரினு நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்ல. கேக்குக்கும் வாட் கிடையாது, சாதா பிஸ்கட்டுக்கும் வாட் கிடையாது. பிஸ்கட் மேல முழுசாவோ பாதியாவோ சாக்லேட் பூசிட்டா மட்டும் அது ஆடம்பரம், முழு வாட், இப்ப 20 சதவீதம். கேக் மேல எவ்வளவு சாக்லேட்டை ஊத்தினாலும் அது கேக்தான், பைசா வரி இல்ல. அதாவது சாக்லேட் பூசின ஒரு பொருள் கேக்னா தப்பிச்சுது, பிஸ்கட்னா மாட்டிச்சுது. கடைக்காரன் 1 பவுண்டு வாங்கற டப்பாவுக்கு மேல 20 பென்ஸ் அரசாங்கத்துக்கு, அப்படி வருஷத்துக்கு எத்தனை டப்பா ஓடும்னு யோசிச்சுக்கோங்க. இப்பப் புரியுதா ஏன் கோர்ட்டுக்குப் போனாங்கனு.

இந்த விதியை வச்சு வரித்துறை போட்டிருக்கற பட்டியல் ஒண்ணு இருக்கு, நான் வேலைக்காகப் படிக்க ஆரம்பிச்சு அப்புறம் பொழுதுபோக்காவே படிச்சேன். இஞ்சி பிஸ்கட்ல பொம்மை மாதிரி செய்வாங்க இல்ல, ஜிஞ்சர்பிரெட் மேன், அவனுக்கு சாக்லேட்ல ரெண்டு கண்ணு மட்டும் வச்சா வரி இல்ல. அதுக்கு மேல சாக்லேட்டால அவனுக்குச் சட்டை பட்டன் வச்சீங்கனா வரி. கண்ணு அவசியம், பட்டன் ஆடம்பரம். பர்பன் பிஸ்கட்ல சாக்லேட் க்ரீம் ரெண்டு பிஸ்கட்டுக்கு நடுவுல ஒளிஞ்சுட்டு இருக்கு, வெளிய தெரியல, அதனால தப்பிச்சுடுச்சு. சாக்லேட் சிப்ஸ் போட்ட பிஸ்கட்ல சிப்ஸை சுடறதுக்கு முன்னாடியே மாவுல சேத்துட்டா சரி, வரி இல்ல. மில்லியனர்ஸ் ஷார்ட்கேக்னு ஒண்ணு, அடியில மொறுமொறுனு பிஸ்கட், நடுவுல கேரமல், மேல சாக்லேட், பேரே கோடீஸ்வரன்! அது கேக் கணக்குல சேந்து வரி இல்லாம போகுது. கோடீஸ்வரனுக்கு வரி கிடையாது, பட்டன் வச்ச பொம்மைக்கு உண்டு. இதைப் படிச்சுட்டு நான் தனியா உக்காந்து சிரிச்சதைப் பாத்து என் வீட்டுக்காரர் பயந்துட்டார்.

பிரிட்டன்ல வாட் வந்தது 1973ல. அப்ப இருந்து கஸ்டம்ஸ் அண்ட் எக்சைஸ் ஆளுங்க, அதாவது அப்ப வாட் வசூலிச்ச வரித்துறை, ஜாஃபா கேக்கை கேக்னு ஒத்துக்கிட்டுதான் இருந்தாங்க. 1991ல திடீர்னு ஞானம் வந்து, இல்ல இல்ல இது சாக்லேட் பூசின பிஸ்கட், எடு வரியைனு நின்னாங்க. அந்த வருஷம்தான் வாட் 15ல இருந்து 17.5 சதவீதமா ஏறியிருந்துச்சு. மெக்விட்டீஸுக்கு அப்ப முதலாளி யுனைடெட் பிஸ்கட்ஸ்ங்கற கம்பெனி. கவனிங்க, கம்பெனி பேர்லயே பிஸ்கட்! அந்தப் பேரை வச்சுக்கிட்டு ட்ரிப்யூனல்ல, அதாவது வரித் தகராறை விசாரிக்கற கோர்ட் மாதிரியான இடத்துல போய், ஐயா நாங்க விக்கறது கேக்குனு வாதாடியிருக்காங்க. ஒரு அடி அகலத்துக்குப் பெரிய ஜாஃபா கேக் ஒண்ணு சுட்டு எடுத்துட்டுப் போய், பாருங்க, இதையே சின்னதா பண்ணிருக்கோம், அவ்வளவுதான்னு காட்டினதா ஒரு கதை சொல்லுவாங்க. அண்ணா அதை ஏதோ அன்னைக்கு முன்வரிசையில உக்காந்து ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்ட மாதிரியே சொல்லுவார்.

தீர்ப்பு சொன்னவர் பாட்டர்னு ஒரு சீனியர் வக்கீல், ட்ரிப்யூனல் தலைவர். மனுஷன் பொறுமையா ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டிருக்கார், அதுல எனக்குப் பிடிச்சதும் இருக்கு, என்னடா இதுனு தோணினதும் இருக்கு.

முதல்ல பேர். கேக்னு பேர் இருக்கு, சரி, ஆனா அது பெரிய விஷயம் இல்லைனு தள்ளிட்டார். நியாயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது, டப்பாவுல என்ன வேணா அச்சடிக்கலாம். இதே விஷயத்தை 2024ல இன்னொரு ட்ரிப்யூனல் இன்னும் அழகா சொல்லுச்சு. அது நம்ம அப்பளம் கேஸ். வாக்கர்ஸ் கம்பெனி சென்சேஷன்ஸ் பாப்படம்ஸ்னு ஒண்ணு விக்கறாங்க, உருளைக்கிழங்கு சிப்ஸ்னா வாட், அப்பளம்னா தப்பிச்சுக்கலாம்னு போனாங்க. அதுல கிட்டத்தட்ட 40 சதவீதம் உருளைக்கிழங்கு சமாச்சாரம். நிஜ அப்பளம்னா பொரிக்கணும் இல்ல சுடணும், இதைப் பையைப் பிரிச்சு அப்படியே தின்னலாம். ட்ரிப்யூனல் என்ன சொல்லுச்சுனா, பேரை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, ஹூலா ஹூப்ஸ்னு ஒரு ஸ்நாக்குக்குப் பேர் வச்சதால அதை இடுப்புல மாட்டிச் சுத்த முடியாது, மான்ஸ்டர் மஞ்ச் அரக்கர்களுக்காக ஒதுக்கி வச்ச சாப்பாடும் இல்லைனு. வாட் கட்டுங்கனு முடிச்சுட்டாங்க. அப்பளம் எதுனு இங்கிலாந்து ட்ரிப்யூனல் தீர்ப்பு சொல்ற காலம் வரும்னு எங்க பாட்டிகிட்ட சொல்லியிருந்தா, எழுந்து போய் நெத்தியைத் தொட்டுப் பாத்திருப்பாங்க.

அடுத்தது மாவு. கேக் மாவு கரைசலா, ஊத்தற பதத்துல இருக்கும், பிஸ்கட் மாவு கெட்டியா, உருட்டி வெட்டற பதத்துல இருக்கும். ஜாஃபா கேக்குக்கு முட்டை, சர்க்கரை, மைதா சேத்து அடிச்ச கரைசல், ஸ்பாஞ்ச் கேக்குக்கு என்னவோ அதேதான். இது கேக் பக்கம் ஒரு பாயிண்ட். தொட்டா மெத்துனு இருக்கு, கடிச்சா உடையாது, இன்னொரு பாயிண்ட். அடிக்கற வேலை சமைக்கறவங்களுக்குத் தெரியும், இங்க எனக்கு மறுப்பே இல்ல, தோசை மாவும் சப்பாத்தி மாவும் ஒண்ணுனு சொன்னா யாராவது விடுவாங்களா.

அப்புறம் பிஸ்கட் பக்கம். சைஸ் பிஸ்கட் சைஸ். டப்பா பிஸ்கட் டப்பா. கடையில வைக்கறது பிஸ்கட்டோட. கையால எடுத்துத் திங்கறோம், கேக்னா முள்கரண்டி எதிர்பார்ப்போம்ங்கறதையும் சேத்திருக்கார். குழந்தைங்க மிட்டாய் மாதிரி சில வாயில முடிச்சுடுவாங்கங்கறதையும். முள்கரண்டி விஷயத்துலதான் எனக்கு அவரோட ஒத்துப்போகல, எங்க வீட்டுல கேக்கை எல்லாரும் கையாலதான் சாப்பிடறோம், அதுக்காக அது பிஸ்கட் ஆயிடுச்சா என்ன.

கடைசியா எல்லாரும் பிடிச்சுத் தொங்கற அந்தப் புகழ்பெற்ற பாயிண்ட். பழசானா கேக் இறுகும், பிஸ்கட் நமுத்துப் போகும். ஜாஃபா கேக் இறுகுது. அதனால கேக்.

இதை நான் சும்மா நம்பிடல, போன அக்டோபர்ல செஞ்சு பாத்தேன். ஒரு சாசர்ல ஒரு ஜாஃபா கேக், ஒரு சாதா டைஜஸ்டிவ் பிஸ்கட், ஒரு துண்டு மடீரா கேக். கிச்சன் ஜன்னல் திட்டுல வச்சாச்சு. ஹீட்டிங் இன்னும் போட ஆரம்பிக்கல, வெளிய நாள் பூரா தூறல், கெட்டில் ஆவி வேற. யாரும் தொடக்கூடாதுனு ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். மறுநாள் காலைல மடீரா கேக்கோட ஓரம் தொட்டா சுரசுரனு இருந்துச்சு, மத்த ரெண்டும் அப்படியே. மூணாம் நாள் டைஜஸ்டிவை எடுத்து வளைச்சேன், வளையல, ஆனா உடைஞ்சப்போ அந்த "டக்" சத்தம் இல்ல, ஈர அட்டையைக் கிழிக்கற மாதிரி ஒரு "புஸ்". ஜாஃபா கேக்கைத் திருப்பி அடிப்பக்கத்தை நகத்தால தட்டினேன். கேரம் காய் மாதிரி சத்தம் வந்துச்சு. சாக்லேட் பக்கம் மட்டும் ஒண்ணும் ஆகல, பளபளனு அப்பாவி மாதிரி இருந்துச்சு.

யோசிச்சுப் பாத்தா இதுல மர்மம் ஒண்ணும் இல்ல, எல்லாம் தண்ணிதான். பிஸ்கட்டை அவென்ல நல்லா காய விட்டு எடுக்கறாங்க, உள்ள ஈரமே கிடையாது, அதனால காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். பிஸ்கட்ங்கற வார்த்தையே ரெண்டு தடவை சுட்டதுங்கற அர்த்தமுள்ள லத்தீன்ல இருந்து வந்ததுதான். கேக்ல ஈரம் இருக்கு, காத்துக்கு விட்டுக் குடுத்துட்டு அது காயும், ஸ்டார்ச்சும் சேந்து இறுகும். ஜாஃபா கேக்குக்கு மேல சாக்லேட் கூரை இருக்கு, ஆனா அடிப்பக்கம் திறந்த வீடு, ஈரம் அந்த வழியா வெளிய போயிடுது. அயர்லாந்துக்காரங்க இந்த வம்பே வேணாம்னு நேரா ஈரப்பதத்தை அளந்துட்டாங்க, 12 சதவீதத்துக்கு மேல இருந்தா கேக், முடிஞ்சுது கதை, ஜாஃபா கேக் அங்கயும் கேக். கணக்கு எழுதறவளா எனக்கு அயர்லாந்து முறைதான் பிடிச்சிருக்கு. ஆனா அதுல தீர்ப்பும் கிடையாது முள்கரண்டியும் கிடையாது, பேச என்ன இருக்கு.

பாட்டர் கடைசியா சொன்னது, இதுல ரெண்டோட குணமும் இருக்கு, ஆனா கேக்னு ஏத்துக்கற அளவுக்கு கேக் குணம் போதுமானது. மெக்விட்டீஸ் ஜெயிச்சுது, கஸ்டம்ஸ் தோத்துது, நான் போட்ட எஸ்ஸை எடுத்துட்டு இசட் போட்டேன், கடைக்காரருக்குக் காசு திரும்பப் போச்சு. ஆறு இன்வாய்ஸ் திருத்தினேன். எல்லா கம்பெனிக்கும் இவ்வளவு சுலபமா முடியல. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரோட சாக்லேட் டீகேக்கை, அந்த மார்ஷ்மெல்லோ மேடு இருக்குமே, அதை வரித்துறை 1973ல இருந்து பிஸ்கட்னு வச்சு வாட் வசூலிச்சுட்டே இருந்துச்சு, 1994லதான் அட ஆமா இது கேக்தான்னு ஒத்துக்கிட்டாங்க. வாங்கின 35 லட்சம் பவுண்டைத் திருப்பிக் குடுன்னா, அதை நீங்க எப்படியும் கஸ்டமர்கிட்ட வசூல் பண்ணிட்டீங்களேனு சொல்லி பத்துல ஒரு பங்குதான் குடுத்தாங்க. கேஸ் ஐரோப்பிய கோர்ட் வரைக்கும் போய்ச் சுத்திட்டு 2009ல முழுசா கைக்கு வந்துச்சு. ஒரு மார்ஷ்மெல்லோவுக்கு 36 வருஷம்.

2014ல ஸ்காட்லாந்துல ஸ்னோபால் கேஸ். டன்னாக்ஸ், லீஸ்னு ரெண்டு கம்பெனி, தேங்காய்த்தூள்ல புரட்டின உருண்டை. அதுல ட்ரிப்யூனல் உறுப்பினர்கள் முன்னாடி ஒரு தட்டு நிறைய ஜாஃபா கேக், டீகேக், ஸ்னோபால் எல்லாம் வச்சு கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டுப் பாத்திருக்காங்க, கேக் தட்டுல இருந்தா இது தனியா தெரியாதுன்னு சொல்லி கேக்னு தீர்ப்பு குடுத்தாங்க. படிச்ச படிப்பு ஏன் என்னை அந்த வேலைக்குக் கொண்டு போகலனு இன்னைக்கும் எனக்கு வருத்தம்.

இவ்வளவும் படிச்சும் என் மனசுக்குள்ள ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு. சட்டம் சொல்லுது கேக்னு, ஸ்பாஞ்ச் சொல்லுது கேக்னு, ஜன்னல் திட்டு சொல்லுது கேக்னு, ஆனா சாயங்காலம் டீ போட்டுட்டு அலமாரியைத் திறக்கறப்போ என் வாய் கேட்கறது "பிஸ்கட் இருக்கா?". அதுக்கு வீட்டுல யாராவது ஜாஃபா கேக் டப்பாவை நீட்டினா ஏன் கேக் தர்றேனு நான் கேட்டதே இல்ல. அதே சமயம் நான் "கேக் இருக்கா?"னு கேட்டு யாராவது அதை நீட்டினா கண்டிப்பா சண்டைதான்.

இது எனக்கு வெளிச்சமானது பொண்ணோட ஒன்பதாவது பிறந்தநாள் அன்னைக்கு. அவளுக்கு ஜாஃபா கேக்தான் பர்த்டே கேக்கா வேணுமாம். ஆர்டர் எல்லாம் வேணாம், நிஜ ஜாஃபா கேக்கை கோபுரமா அடுக்கணும். நாலு டப்பா வாங்கினேன். முன்னாடி டப்பாவுக்கு 12 இருக்கும், 2017ல 10 ஆக்கிட்டாங்க, அதனால 40. அடியில பெரிய வட்டம், மேல போகப் போக சின்ன வட்டம், உச்சியில ஒண்ணே ஒண்ணு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. மெழுகுவத்தி குத்தறப்போதான் வினை. முதல் குத்துல சாக்லேட் வெடிச்சு ஜெல்லில சாய்ஞ்சு நின்னுச்சு, நேராக்கினேன், ஸ்பாஞ்ச் இருக்கறதே கொஞ்சூண்டு கனம், பிடிமானம் இல்லாம அடியில இருக்கற சாக்லேட்ல போய் வழுக்குச்சு. கடைசில ஒரு மெழுகுவத்தியை மட்டும் மூணு ஜாஃபா கேக்குக்கு நடுவுல இடுக்கி நிறுத்தி, அது அணையறதுக்குள்ள பாடி முடிக்கணும்னு எல்லாரும் ரயிலைப் பிடிக்கற வேகத்துல ஹேப்பி பர்த்டே பாடினோம்.

ஊதியாச்சு. பழக்க தோஷம், நான் கத்தியை எடுத்து அவ கையில குடுத்து "கேக் வெட்டு கண்ணு"னேன். அவ கத்தியைப் பாத்தா, கோபுரத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. எதை வெட்டறது? உச்சியில இருக்கற அந்த ஒண்ணை ரெண்டா வெட்டி எனக்குப் பாதி ஊட்டிவிட்டா. ஒரே வாய். கூட நின்ன பையன் ஒருத்தன் சீரியஸா கேட்டான், ஆன்ட்டி, கேக் எப்ப வரும்னு. இதுதான் கேக், டப்பாவுல எழுதியிருக்கு பாருனு என் பொண்ணு டப்பாவைக் கொண்டு வந்து காட்டறா. அவன் படிச்சுட்டு, இல்ல, இது பிஸ்கட்னான். பக்கத்துல இருந்த பொண்ணும் ஆமாம்னா. ஆறு பேர் இருந்த சபையில கேக்குக்கு ஒரே ஒரு ஓட்டு, அந்த ஒண்ணு பிறந்தநாள்காரி. மாவு கரைசலைப் பத்தி எல்லாம் அங்க நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அதுக்குள்ள கோபுரத்துல பாதி காணோம்.

நாம தமிழ்ல கேக் சாப்பிட வாங்கனு கூட அதிகம் சொல்றது இல்ல, கேக் வெட்டப் போறோம் வாங்கனுதான் சொல்றோம். வெட்டறதுதான் கேக்கோட வேலையே. ஒருத்தர் வெட்டணும், மத்தவங்க சுத்தி நிக்கணும், ஆளுக்கு ஒரு துண்டு, இன்னொரு துண்டு வேணும்னா கொஞ்சம் கூச்சப்பட்டுக் கேக்கணும். பிஸ்கட்டை யாரும் வெட்டறது இல்ல, எண்ணறோம். ரெண்டு எடுத்துக்கோ, நாலு தின்னுட்டியா, எத்தனை மிச்சம் இருக்கு. ஜாஃபா கேக்கை நான் இதுவரைக்கும் எண்ணித்தான் இருக்கேன். அதுவும் பொய்க் கணக்கு. நைட்டு பாத்திரம் தேச்சு முடிச்சுட்டு அலமாரிக்கு முன்னாடி நின்னுக்கிட்டே ஒண்ணு, லைட்டை அணைக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, அதையெல்லாம் கேக் சாப்பிட்டதா எந்த மனசாட்சி ஒத்துக்கும். சுட்ட விதத்துல கேக், வாழற விதத்துல பிஸ்கட், அவ்வளவுதான் என் கட்சி. டீல முக்கிப் பாக்கற டெஸ்ட்டும் ஒண்ணு சொல்லுவாங்க, அதை இங்க கொண்டு வராதீங்க, முக்கினா சாக்லேட் உருகி டீ மேல எண்ணெய்ப் படலம் மாதிரி மிதக்கும், ஸ்பாஞ்ச் ஊறி அடியில போய் உக்காந்துக்கும், டீயும் போச்சு அதுவும் போச்சு.

அண்ணாகிட்ட இந்தக் கட்சியைச் சொன்னப்போ அவர் ஒத்துக்கல. சட்டம் சட்டம்தான் பிள்ளைனுட்டார்.

இந்த ஊர் ஆபீஸ்ல ஒரு வழக்கம், யாருக்குப் பிறந்தநாளோ அவங்களே எல்லாருக்கும் கேக் வாங்கிட்டு வரணும். அண்ணா கைக்காசு விஷயத்துல கொஞ்சம் கெட்டி. அறுபதாவது பிறந்தநாளாச்சே, ஏதாவது பெருசா வரும்னு எல்லாரும் மூணு மணிக்கே கிச்சன்ல கூடிட்டோம். பேக்கிங் அம்மா தட்டு, கத்தி, டிஷ்யூ எல்லாம் எடுத்து வச்சிருக்காங்க. இவர் ஒரு பையோட வந்தார். உள்ள இருந்து மூணு டப்பா ஜாஃபா கேக். அதுவும் மெக்விட்டீஸ் கூட இல்ல.

"கேக் கொண்டு வந்தனான்."

அங்க எழும்பின சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும். டிரைவர் ஒருத்தர் இது செல்லாதுனு மேஜையைத் தட்டறார். அண்ணா அசரல, கையைத் தூக்கி அமைதிப்படுத்திட்டு இங்கிலீஷ்ல 1991, ட்ரிப்யூனல், முட்டை, மாவு, இறுகறதுனு வரிசையா எடுத்து விடறார், என்னைப் பாத்து, சொல்லும் பிள்ளை, நீர்தானே ஜன்னல்ல வைச்சுப் பாத்தனீர்னு சாட்சிக்கு வேற இழுக்கறார். நான் என்ன பண்றது, ஆமா, இறுகுதுனேன்.

பேக்கிங் அம்மா கத்தியை எடுத்து திரும்ப டிராயர்ல போட்டுட்டு டப்பாவைப் பிரிச்சாங்க. டிஷ்யூ மேல ரெண்டு எடுத்து வச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அடுத்து டிரைவர், அவரும் ரெண்டு. அடுத்தவரும் ரெண்டு. நான் அண்ணாவைப் பாத்தேன், அவரும் அந்தக் கையையெல்லாம்தான் பாத்துட்டு இருந்தார். என் முறை வந்தப்போ நானும் ரெண்டு எடுத்தேன்.

"எல்லாரும் ரெண்டு ரெண்டா எடுக்கறாங்க அண்ணா. கேக்னா ஒரு துண்டுதானே எடுப்பாங்க?"

அவர் டப்பாவுக்குள்ள கையை விட்டு ரெண்டு எடுத்தார். ஒண்ணை வாயில போட்டுக்கிட்டு கதவுப் பக்கம் ஒரு பார்வை பாத்தார்.

"மெல்லக் கதையும் பிள்ளை. வாட்காரனுக்குக் கேட்டிடப் போகுது."